சராசரி மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு,

ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறி இறங்குபவர்களிடம் புற்றுநோய் இறப்பும் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்ற இறக்கமே காரணம் என்று முடிவுகட்ட முடியாது. புற்றுநோய் முற்றுவதும் சர்க்கரையைக் குலைக்கும். ஆனாலும் கவனிக்காமல் விடுவது தவறு.

ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது ஏறக்குறைய 3 மாதச் சராசரி; ஏற்ற இறக்கத்தை அல்ல. ரத்தம் ஏற்றியிருந்தால் அதுவும் பிசகும். கீமோதெரபியோடு காலையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் தந்தால், சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும்தான் எகிறும். வெறும் வயிற்றுப் பரிசோதனையில் சிக்காது. அந்த நாட்களில் மதிய உணவுக்கு 2 மணி நேரம் கழித்தும், இரவு உணவுக்கு முன்பும் குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

வாந்தியால் சாப்பிட முடியாதபோது வழக்கமான இன்சுலின் அளவே ஆபத்தாகலாம். அன்றைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபரிசோதனை.