பொருளியல் துறையை வணிகத் துறைக்குள் கரைத்துவிடும் முன்: சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலைப் பொருளியல் படித்தவன் எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. என் துறையில் நடந்தது உங்களில் பலருடைய துறைகளிலும் நடந்துகொண்டிருக்கும்.

சேர்க்கை குறைந்து வரவுசெலவில் துண்டு விழும்போதெல்லாம், உங்கள் மேசைக்கு வரும் பட்டியலில் பொருளியல் துறையின் பெயர் இருக்கும். மாணவர் கொஞ்சம்பேர், பேராசிரியர் இரண்டோ மூன்றோ பேர், வணிக நிர்வாகத்தோடு சேர்த்துவிடலாம் என்பது ஒரு யோசனை. நுண்பொருளியல் ஒன்று, பேரினப் பொருளியல் ஒன்று என்று இரண்டு அறிமுகப் பாடங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இரண்டும் வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆனால் துறையை இப்போது இருக்கிறபடியே விட்டுவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை.

வணிகப் பாடம் ஒரு நிறுவனத்துக்குள் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கும். இந்த விலையை வைத்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கும். அதில் தப்பில்லை. பொருளியல் அதே விலையால் மற்றவர்களுக்கு என்ன ஆகிறது, அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கும். இந்த இரண்டாவது கேள்வி உங்களைப் போன்ற நிறுவனங்களுக்குத்தான் அதிகம் தேவை. ஏனென்றால் உங்கள் மாணவர்களில் பலர் பிறகு ஏதோ ஒரு வகையில் கொடுக்கிற வேலைக்குள் போகிறார்கள்: தொண்டு நிறுவனம், மருத்துவப் பணி, பள்ளி நடத்துவது, திருச்சபையின் உதவி நிதி. கொடுத்தது உண்மையிலேயே உதவியதா என்று கண்டுபிடிக்கும் கருவி பொருளியலில் இருக்கிறது.

ஓர் உதாரணம். கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஏழைக் குழந்தைகளுக்குப் புரவலர்களைத் தேடித் தருகிறது. மாதாமாதம் பணம் அனுப்பும் லட்சக்கணக்கானவர்கள் நல்லது நடக்கிறது என்று நம்பித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் உதவி பெற்ற குழந்தை நன்றாகப் படித்தது என்பது மட்டும் ஆதாரமாகாது. அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகளே முதலில் பதிவு செய்யப்பட்டிருக்கலாம் அல்லவா? பொருளியலாளர் புரூஸ் வைடிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஓர் ஊரில் திட்டம் தொடங்கியபோது 12 வயதுக்கு உட்பட்டவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வயதைத் தாண்டிவிட்ட அண்ணன், அக்காவுக்கு வாய்ப்பு இல்லை. வீடு ஒன்று, பெற்றோர் அவர்களேதான், வித்தியாசம் வயது விதி மட்டும். உகாண்டா, குவாத்தமாலா, பிலிப்பைன்ஸ், இந்தியா, கென்யா, பொலிவியா என ஆறு நாடுகளில் இந்த ஒப்பீட்டைச் செய்து 2013ல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பத்து ஆண்டுக்குச் சற்று மேல் படிக்கிற இடத்தில், உதவி பெற்றவர்கள் கூடுதலாக 1.03 முதல் 1.46 ஆண்டு வரை படித்திருந்தார்கள். நம்பிக்கையாக இருந்த ஒன்று இப்போது எண்ணாகக் கையில் இருக்கிறது.

எல்லா முடிவும் இப்படி மனதுக்கு இதமாக வராது. பழைய துணிகளை மூட்டை கட்டி அனுப்பாத சபையே இல்லை. ஆப்பிரிக்க நாடுகளின் ஆடை உற்பத்தி 1981 முதல் 2000 வரை சரிந்ததில் சுமார் 40 சதவீதத்துக்கு இப்படி வந்து இறங்கிய பழைய துணி காரணம் என்று பொருளியலாளர் கார்த் ஃப்ரேசர் 2008ல் கணக்கிட்டுச் சொன்னார். இன்னொன்று உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. பிலிப்பைன்ஸில் ஏழைக் குடும்பங்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றில், சில ஊர்களுக்கு மட்டும் கிறிஸ்தவ விழுமியப் பாடத்தைச் சேர்த்தும் மற்ற ஊர்களுக்குச் சேர்க்காமலும் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று பொருளியலாளர்கள் செய்த அந்த ஆய்வு 2021ல் வெளிவந்தது. பாடம் கேட்டவர்களின் பக்தி கூடியது, வருமானமும் கூடியது. ஆனால் நுகர்விலோ வாழ்க்கைத் திருப்தியிலோ மாற்றம் தென்படவில்லை. அதோடு, மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்கள் நிலையை முன்பைவிடத் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று விவாதிக்க உங்கள் வகுப்பறையைவிடப் பொருத்தமான இடம் எது? இறையியல் தெரிந்தவரும் புள்ளியியல் தெரிந்தவரும் ஒரே நடைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இடம் அது.

ஆனால் நான் படித்தபோது இந்த ஆய்வுவகை எதுவும் வகுப்புக்குள் வரவில்லை. எங்களுக்கு விசுவாசத்தையும் பாடத்தையும் இணைப்பது என்றால், வகுப்புத் தொடக்கத்தில் ஒரு வசனம், ஒரு சிறு ஜெபம். அப்புறம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடத்துகிற அதே பாடநூலின் அடுத்த அத்தியாயம். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இணைப்பு என்று விளம்பரப் புத்தகத்தில் அச்சிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

உண்மையான இணைப்புக்குச் சரக்கு ஏராளமாக இருக்கிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாவது ஆண்டு யூபிலி. விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே விற்பது நிலத்தை அல்ல, யூபிலி வரை மிச்சமிருக்கும் அறுவடைகளை. ஆண்டுகள் அதிகமென்றால் விலையைக் கூட்டு, குறைவென்றால் குறை என்று அந்த அதிகாரமே சொல்கிறது. இது குத்தகைக்கு விலை வைக்கும் கணக்கு! எங்கள் பாடநூல் எதிர்கால வருமானத்தை வட்டி விகிதத்தைக் கொண்டு குறைத்துக் கணக்கிட்டுத்தான் இன்றைய மதிப்பைச் சொல்லும். இங்கோ ஒவ்வோர் ஆண்டின் விளைச்சலும் ஒரே மதிப்பில் எண்ணப்படுவதுபோல் தெரிகிறது. அதே அதிகாரம் சில வசனங்கள் தள்ளி, ஏழ்மையில் விழுந்த சகோதரனிடம் வட்டி வாங்காதே என்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? ஒரு முழு வகுப்பு இதற்கே போதாது.

வரலாற்றிலும் அப்படித்தான். பணம் எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே அதன் மதிப்பு அதிகம் என்று 1556ல் எழுதிய மார்ட்டின் டி அஸ்பில்குவெட்டா ஒரு கத்தோலிக்கக் குரு. மக்கள்தொகைக் கட்டுரையை 1798ல் வெளியிட்ட மால்தஸ் ஆங்கிலிக்கன் போதகர். ஆக்ஸ்ஃபோர்டில் அரசியல் பொருளியல் கற்பித்த ரிச்சர்ட் வேட்லி 1831ல் டப்ளின் பேராயரானார். ஆனதும் அங்கே டிரினிட்டி கல்லூரியிலும் அந்தப் பாடத்துக்கு ஓர் இருக்கை ஏற்படுத்தினார். அமெரிக்கப் பொருளியல் சங்கம் 1885ல் தொடங்கியபோது உடனிருந்தவர்களில் போதகர்கள் பலர். இந்தப் பெயர்களில் மால்தஸைத் தவிர வேறு யாரையும் எங்கள் பாடத்திட்டம் சொல்லவில்லை. மால்தஸும் போதகர் என்பதைச் சொல்லவில்லை.

ஒரு சின்ன விஷயம், சிரிக்காமல் கேளுங்கள். கட்டாய ஆராதனைக்கு வருகைப் பதிவு எடுக்கிறீர்கள் அல்லவா? பொருளியலாளர் லாரன்ஸ் அயனக்கோன் 1994ல் எழுதிய ஒரு கட்டுரை, கண்டிப்பான சபைகள் ஏன் வலுவாக இருக்கின்றன என்று கேட்கிறது. கண்டிப்பு, ஓசியில் பயன் பெற வருகிறவர்களை வடிகட்டிவிடுகிறது. மிஞ்சுகிறவர்கள் முழு மனதோடு பங்கேற்பதால் எல்லாருக்கும் பயன் கூடுகிறது என்பது அவர் வாதம். கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிற இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். பொருளியல் அவனுக்கு உடனே பிடித்துப்போகும்.

இனி கணிதம். இங்கேதான் சிறிய துறைகள் தங்கள் மாணவர்களை உண்மையில் கைவிடுகின்றன. முனைவர் பட்டத்துக்குப் போக நினைக்கும் மாணவரிடம் மேற்படிப்புத் துறைகள் எதிர்பார்ப்பது பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, பெரும்பாலும் மெய்ப்பகுப்பாய்வு. இதை முதலாண்டிலேயே எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நான்காம் ஆண்டில் தெரிந்துகொண்டபோது அந்தப் பாடங்களை எடுக்க நேரமில்லை. எக்கனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளியல் கேள்விகளைப் புள்ளியியல் கொண்டு சோதிக்கும் பாடம், இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். உங்கள் ஆண்டு தவறினால் தவறியதுதான். மேலே சொன்ன வயது விதி ஒப்பீட்டை ஒரு மாணவர் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தப் பாடம் இல்லாமல் முடியாது. அது இல்லாத பொருளியல் பட்டம் கருத்துச் சொல்லக் கற்றுக்கொடுக்கும், சரிபார்க்கக் கற்றுக்கொடுக்காது. இதற்குப் பெரிய செலவும் இல்லை. கணிதத் துறை ஏற்கெனவே நடத்தும் பாடங்களை முதலாண்டு ஆலோசனையிலேயே மாணவருக்குச் சொன்னால் போதும். எக்கனாமெட்ரிக்ஸை ஆண்டுதோறும் நடத்த ஒரு பகுதிநேர ஆசிரியர் போதும். ஆறேழு பேர் மட்டும் இருக்கும் வகுப்பில் பேராசிரியர் ஒவ்வொருவரின் கணக்கையும் தானே திருத்துவார், பரிந்துரைக் கடிதத்தில் அந்த மாணவரைப் பற்றி உண்மையாகவே ஏதாவது எழுத முடியும். பெரிய பல்கலைக்கழகங்களில் இது சுலபமில்லை.

கடைசியாக, பேசத் தயங்கும் ஒன்று. உங்களுக்கு நன்கொடை தருகிறவர்களில் சிலர் பொருளியல் துறை சந்தைக்கு ஆதரவாக நிற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள், வேறு சிலர் சந்தையைக் கண்டிக்கும் என்று. குறைந்தபட்சக் கூலி பற்றிய வகுப்பில் எங்கள் பேராசிரியர் தன் கருத்தைச் சொல்லும் முன் கதவைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891ல் வெளியிட்ட தொழிலாளர் மடல் தனிச்சொத்தையும் ஆதரித்தது, தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரித்தது. இரு தரப்புக்கும் அதில் பிடிக்காதது இருந்தது. ஒரு துறைக்கு அந்தச் சுதந்திரத்தை எழுத்தில் கொடுங்கள்.

என் கோரிக்கை இதுதான். எக்கனாமெட்ரிக்ஸை ஆண்டுதோறும் நடத்துங்கள். கிறிஸ்தவப் பொருளியல் சிந்தனை வரலாற்றை இறையியல் துறையோடு சேர்ந்து ஒரு முழுப் பாடமாக்குங்கள். அப்புறம், உங்கள் மாணவர்கள் விடுமுறையில் போகும் சேவைப் பயணங்களில் ஒன்றை, அதன் செலவுக் கணக்கோடும் முந்தைய ஆண்டுகளின் பதிவுகளோடும், இறுதியாண்டுப் பொருளியல் மாணவர்களின் கையில் கொடுத்து ஆராயச் சொல்லுங்கள். அந்தப் பணத்தை நேரடியாக அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் அவர்கள் கேட்கட்டும். அறிக்கை எப்படி வந்தாலும் அறங்காவலர் கூட்டத்தில் படிக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவன்