தாராவிக் கசட்டை முதலில் சோதித்துப் பாருங்கள்

மும்பை மாநகராட்சியின் கழிவுநீர்த் திட்டப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். வொர்லி, பாந்த்ரா, தாராவி உட்பட ஏழு இடங்களில் புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழும்புகின்றன. மித்தி ஆற்றின் நாற்றத்தோடு தலைமுறைகளாகக் குடியிருக்கும் தாராவித் தமிழர்கள் இதற்காக நெடுநாள் காத்திருந்தோம். தண்ணீர் தெளிந்த பிறகு மிஞ்சும் கசட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

கசட்டிலிருந்து எரிவாயு எடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1897இலேயே மாட்டுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் மனிதக் கழிவின் வாயுவைக் கொண்டு விளக்கேற்றினார்கள்.

முதல் தொட்டியில் படியும் கசட்டை நுண்ணுயிர்கள் எளிதில் செரித்து வாயு தரும். காற்றூட்டும் தொட்டியிலிருந்து வரும் இரண்டாம் கட்டக் கசடுதான் முரண்டு பிடிக்கிறது. அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் உடல். அவற்றின் செல்சுவர் உடைவதற்கே நாட்கள் ஓடிவிடும். செரிமானத் தொட்டியில் 20 நாட்கள் வைத்தாலும் பெரும்பாலும் பாதிக்கு மேல் செரியாமல் வெளியேறுகிறது. அந்தத் தொட்டிக்கு அனுப்பும் முன்பே காஸ்டிக் சோடா கலந்து, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 12 வரை உயர்த்தினால் அந்தச் சுவர் குலைகிறது. ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன்: கரும்பழுப்புக் கூழ் மறுநாள் இளகியிருக்கும், மேலே தேறிய நீர் கடுந்தேநீர் நிறமாகியிருக்கும், அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். அந்த நீரில் கரைந்திருப்பதுதான் மீத்தேனாக வேண்டிய சரக்கு. செரிமானம் விரைந்தால் தொட்டியும் சிறிதாகும். ஓரடி நிலத்துக்கும் அல்லாடும் மும்பைக்கு இது பெரிய லாபம்.

ஆனால் இம்முறைக்கான வெளிநாட்டுக் கணக்கை அப்படியே இங்கே இறக்கிவிடாதீர்கள். காஸ்டிக் சோடாவில் உள்ள சோடியம் மிகுந்தால் மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். நம் கழிவுநீர்க் குழாய்களிலோ கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் புகுகிறது. ஏற்கெனவே உப்பேறிய கசட்டில் எவ்வளவு காஸ்டிக் சோடா தாங்கும் என்பதை இங்குள்ள கசட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். காஸ்டிக் சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு என்றால் மலிவு, சோடியமும் இல்லை. ஆனால் கரைந்து வந்ததில் ஒரு பகுதியைக் கால்சியம் மறுபடி திரளச் செய்துவிடும், கசட்டின் எடையும் கூடும்.

ஆகவே, இரண்டாம் கட்டக் கசட்டை மட்டும் கெட்டியாக்கித் தனியே பதப்படுத்த ஒரு சிறு சோதனைத் தொட்டியைத் தாராவியில் முதலில் வையுங்கள். மழைக்காலம், கோடை இரண்டிலும் ஓட்டி, செலவான ரசாயனத்தையும் கூடுதலாகக் கிடைத்த வாயுவையும் அருகருகே வைத்து வெளியிடுங்கள். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கும். அதைக் கையாளப்போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கண்ணாடி, கையுறை, எட்டும் தூரத்தில் கண்கழுவும் குழாய் ஆகியவற்றை டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
தாராவி தொண்ணூறடிச் சாலையில் வளர்ந்த ஒரு வேதியியலாளர்