டே கேரா, டியூஷனா? எத்தனை மணி வரை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பள்ளி விட்டபின் குழந்தைகளை விடும் இடங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த 'டே கேரா, ஆஃப்டர் ஸ்கூலா?' கட்டுரையை, "தாய்மார்கள் அவசரப்படாமல் நாலு இடத்தை நேரில் பார்த்து, குழந்தையின் விருப்பத்தையும் கேட்டு முடிவெடுக்க வேண்டும்" என்று முடித்திருந்தீர்கள். அம்பத்தூரிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். அந்த நாலு இடம் எங்கே என்று சொன்னால் அவசரப்படாமல் போய்ப் பார்ப்பேன்.

என் மகன் இரண்டாம் வகுப்பு. பள்ளி மூன்றரைக்கு விடும். எனக்கு ஆபீஸ் ஆறு மணி வரை. ரயில் பிடித்து வீடு வர ஏழு. பக்கத்து டே கேரில் ஐந்து வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை. சேர்க்கிற இன்னொன்றில் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் கிடையாது. டியூஷன் அக்கா நாலரைக்குத்தான் கதவைத் திறப்பார். போன வருஷம் முழுக்க அந்த இடைப்பட்ட ஒரு மணி நேரத்தை அவர் வீட்டு மாடிப்படியில்தான் அவன் கழித்தான். ஒருநாள் பர்மிஷன் போட்டுச் சீக்கிரம் வந்தபோது பார்த்தேன். மத்தியானத் தயிர்சாதத்தின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தான். ஷூவை மட்டும் ஒழுங்காகக் கழற்றிப் படியோரம் ஜோடியாக வைத்திருந்தான். அவன் விருப்பத்தை அன்றைக்கே கேட்டிருக்கலாம்தான். உங்கள் கட்டுரை அப்போது வரவில்லை.

அப்புறம், அதென்ன கட்டுரை முழுக்கத் 'தாய்மார்கள்'? என் கணவருக்கும் கண் நன்றாகத் தெரியும், அவரும் இடம் பார்க்கலாம். உங்களிடம் இது புதிதல்ல. முந்தின இரவே கடலையை ஊறப்போட்டால்தான் உங்கள் சமையல் பகுதியின் 'பத்தே நிமிட டிபன்' பத்து நிமிடத்தில் ஆகும் என்று எழுதினேன்; இன்றுவரை பதில் இல்லை.

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். தாங்கள் அறியாததல்ல. அதற்குப் பிறகு, இவன் கைக்குழந்தையாக இருந்தபோது, நம்பிக்கையோடு போய்க் கேட்டேன். எங்கள் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் 46 பேர்தானாம். மத்தியானம் கேன்டீனில் 80 தட்டு கழுவுகிறார்கள். மீதிப் பேர் கான்ட்ராக்ட். தொழிற்சாலைகளுக்கு 1948 முதலே காப்பகச் சட்டம் உண்டு. என் அம்மா வேலை பார்த்த இடத்தில் அதற்கென்று ஓர் அறையும் இருந்தது, உள்ளே உடைந்த நாற்காலிகள். இதையெல்லாம் போய்ப் பார்க்க உங்களுக்கு ஒரு நிருபர் கிடைக்கவில்லை, சரி.

கேட்பது ஒன்றுதான். கட்டுரையோடு போட்ட அட்டவணையில் ஏசி, சிசிடிவி, நடன வகுப்பு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. சாயங்காலம் எத்தனை மணி வரை குழந்தையை வைத்துக்கொள்வார்கள், தாமதமானால் அரை மணிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதற்கு இல்லை. அடுத்த இதழில் அதைச் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் டிபனைச் சுருக்குங்கள். சனிக்கிழமை திறந்திருக்குமா என்பதையும் போட்டால் நல்லது. எனக்குச் சனிக்கிழமையும் வேலை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அம்பத்தூர்