மார்ச் 7 ஆராதனை குறித்து நம் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள்.

2027-இல் மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமையாக வருகிறது, அதுவும் லெந்து என்னும் தவக்கால நாட்களில். 1965-இலும் அப்படித்தான். லெந்தின் முதல் ஞாயிறான அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலம் செல்மாவில் பிரவுன் சேப்பல் ஆலயத்திலிருந்து சுமார் 600 பேர் கறுப்பர்களுக்கு வாக்குரிமை கேட்டு மாநிலத் தலைநகர் மாண்ட்கமரிக்கு நடக்கக் கிளம்பினார்கள். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டியதும் மாநிலப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் விரட்டியது. முன்வரிசையில் வந்த இளம் தலைவர் ஜான் லூயிசின் மண்டை உடைந்தது. அந்த நாளை நம் காலை ஆராதனைக்குள்ளேயே நினைவுகூர வேண்டும் என்று கேட்கிறேன்.

ஆராதனை முடிந்தபின், ஐக்கிய விருந்துக்கு முன்னால் ஒரு வீடியோ போடலாமே என்றார்கள் சிலர். பிரியாணி வாசம் வந்தபிறகு யார் திரையைப் பார்ப்பார்கள்?

அந்த நடைக்குக் காரணமே ஒரு டீக்கனின், அதாவது சபை உதவி ஊழியரின் சாவு. ஜிம்மி லீ ஜாக்சனுக்கு வயது 26. மேரியன் ஊர் பாப்டிஸ்ட் சபைக்காரர். வாக்காளராகப் பதியப் பலமுறை முயன்றும் விடப்படாதவர். பிப்ரவரி 18 இரவு, ஆலயத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்தபோது, தாயைக் காப்பாற்றப் போய் வயிற்றில் குண்டு வாங்கினார். எட்டு நாளில் இறந்தார். அவர் பெயரைப் பொது ஜெபத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

“அது கறுப்பர்கள் வரலாறு, நமக்கென்ன?” என்று கமிட்டியிலேயே ஒருவர் கேட்டார். 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர்களுக்கு நாம் வாழும் இந்த அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடம் வருடத்துக்கு 100. 1965 ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ஜனாதிபதி ஜான்சன்தான், அக்டோபர் 3-இல் அந்த ஒதுக்கீட்டு முறையை ஒழிக்கும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். நிறத்தையும் பிறப்பையும் வைத்து ஆளைப் பிரிக்கும் சட்டங்களுக்கு எதிராக அவர்கள் அடிவாங்கியிராவிட்டால் நம்மில் பெரும்பாலோருக்கு இங்கே வீடும் இல்லை, சபையும் இல்லை.

ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று. அந்நாட்களில் கறுப்பர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய வெள்ளையர் ஆலயங்கள் பல. அதுவும் அரசியல்தான். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவம் நம்முடையது. ஆகவே அன்றைய பாவ அறிக்கையை வழக்கம்போல் வேகமாக ஒப்பித்துவிட்டுப் போக முடியாது. இதற்கென்று புதிதாக எழுத வேண்டும்.

வேதபாடம் ஆமோஸ் 5. நதிபோல் நீதி வரும் 24-ஆம் வசனத்தை எல்லாரும் வாசிக்கிறார்கள். நாம் 21-இலிருந்தே வாசிப்போம். உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், பாட்டுச் சத்தத்தை அகற்று என்று கர்த்தர் சொல்லும் இடம். புது ஸ்பீக்கர் வாங்கியிருக்கும் நமக்குக் கொஞ்சம் உறுத்தட்டும்.

கறுப்பர்களின் விடுதலைப் பாடல்களை நம் பாடகர் குழு ஒரே வாரத்தில் பழகி மேடையேற்ற வேண்டாம், கீர்த்தனையே போதும். பக்கத்திலுள்ள கறுப்பினச் சபையின் போதகரை அழைப்போம். ஐந்து நிமிட வாழ்த்துரைக்கு அல்ல, பிரசங்கத்துக்கு. லெந்து அட்டவணை அச்சுக்குப் போகும் முன் இதைக் கமிட்டியில் வாக்கெடுப்புக்கு வையுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாதே என்று தயங்கினால், பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க நான் இருக்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
சபை அங்கத்தினர் ஒருவர்