ஒரே இரவா, ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஆண்டிறுதிச் சிறப்பிதழில் 2018ஆம் ஆண்டின் அயர்லாந்து பற்றிய கட்டுரையைப் படித்தேன். பக்கத்தில் பாதி அப்போதைய பிரதமர் லியோ வரத்கரின் படம். அதில் எனக்கு வருத்தமில்லை. அவருடைய தந்தை மும்பையிலிருந்து போன மருத்துவர் என்பதை எத்தனை முறை அச்சிட்டாலும் நம்மவர்கள் படிப்பார்கள். ஆனால் "கத்தோலிக்க அயர்லாந்து ஒரே இரவில் மனம் மாறிக் கருக்கலைப்பை ஏற்றது" என்ற வரி மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

பதினான்கு ஆண்டுகள் டப்ளினில் செவிலியராக இருந்தவள் நான். அது எந்த இரவு என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். தாய்க்கும் கருவுக்கும் உயிர்வாழச் சம உரிமை என்று அரசமைப்பில் எழுத 1983இல் வாக்களித்தவர்கள் 66.9 விழுக்காடு. அதை நீக்க 2018 மே 25 அன்று வாக்களித்தவர்கள் 66.4 விழுக்காடு. நடுவில் 35 ஆண்டுகள். வல்லுறவுக்கு ஆளான 14 வயதுச் சிறுமி கருக்கலைப்புக்காக வெளிநாடு போகக் கூடாது என்று 1992இல் உயர் நீதிமன்றம் தடுத்ததும், நாடு கொதித்ததும், உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியதும் அதற்குள் அடக்கம். என்னோடு இரவுப் பணி பார்த்த ஓர் ஐரிஷ் அம்மா, 1983இல் சேர்க்கவும் 2018இல் நீக்கவும் வாக்களித்தவர். "இடையில் கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போக எத்தனை பெண்களுக்கு லிவர்பூல் டிக்கெட் விலை விசாரித்துக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா?" என்று கேட்டார்.

நானும் ஞாயிறு திருப்பலி தவறாதவள்தான். ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வந்தபோது பீனிக்ஸ் பூங்காவில் மழையில் நனைந்து நின்றேன். 1979இல் அன்றைய திருத்தந்தை வந்தபோது அங்கே பத்து லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். இம்முறை எனக்கு முன்னால் புல்தரை தெரிந்தது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தவறிப்போனதைத் தன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்று நீதிமன்றம் போய், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் ஏற்க மறுத்த விக்கி ஃபெலன் தங்கள் ஆண்டில் இல்லவே இல்லை. மார்ச் பனிப்புயலில் கடைகளில் ரொட்டி தீர்ந்த கதை மட்டும் ஒரு பத்தி. 2015இல் ஒரே பாலினத் திருமண வாக்கெடுப்புச் செய்தியில் டப்ளினை "பிரிட்டன் நகரம்" என்று போட்டீர்கள். 1922இலேயே ஆங்கிலேயர் ஒப்படைத்த டப்ளின் கோட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தங்களுக்கு அதிகாரம் தந்தது யார் என்று கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்துக்கு இடமில்லை. ராசிபலனுக்கு இரண்டு பக்கம் இருந்தது.

கடைசியாக, சவிதா ஹலப்பனவரை "செவிலியர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பல் மருத்துவர். கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்தவர். கரு தங்காது என்று தெரிந்த பின்னும், அதன் இதயம் துடிக்கிறது என்று கருக்கலைப்பை மறுத்தார்கள். 2012 அக்டோபர் 28 அன்று, 31 வயதில், அயர்லாந்தின் கால்வே நகரில் இரத்தத்தில் நச்சேறி இறந்தார். வாக்கெடுப்பு முடிவு வந்த நாளில், டப்ளினில் அவருடைய சுவரோவியத்தின் மேல் மக்கள் மன்னிப்புக் கேட்டுச் சீட்டுகள் ஒட்டினார்கள். குடியுரிமை வாங்காத எனக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கில்லை. சீட்டு ஒட்ட யாரும் குடியுரிமை கேட்கவில்லை, ஒட்டிவிட்டு வந்தேன்.

அவர் பல் மருத்துவர் என்று ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இடமில்லை என்றால், அடுத்த இதழின் ராசிபலனில் கன்னியை விட்டுவிடுங்கள். அது என் ராசி. எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்