கடை திறக்கப்போகும் மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. விடுமுறைக் காலம், ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் நாயையும் பூனையையும் குளிப்பாட்டி விட்டுத்தான் கிளம்புவார்கள் போல. ராத்திரி வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கவே கை மறுக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

வேலையை விட்டுவிட்டு குரூமிங் கடை போடப்போகிறாய் என்று படித்ததும் எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஹாஸ்டல் வாசலில் கிடந்த நாயை என் சோப்பைப் போட்டுக் குளிப்பாட்டியவள்தானே நீ. அந்த சோப்புக் கணக்கு இன்னும் தீரவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

என்னென்ன வாங்க வேண்டும், கிருமிநாசினி எது நல்லது, கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு வைத்த யூவி பெட்டி வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். அதெல்லாம் அப்புறம். முதலில் உன் அப்பாயின்ட்மென்ட் நோட்டை எப்படிப் போடப்போகிறாய் என்று சொல். ஒரு நாய் இறங்கிய கையோடு அடுத்த நாய் மேசையில் ஏறுகிற மாதிரி நேரம் கொடுத்துவிட்டால், எவ்வளவு உயர்ந்த கிருமிநாசினி வாங்கினாலும் அது வாசனைக்குத்தான்.

ஏன் என்கிறாயா? பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், தெளித்த இடம் எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று. கடைகளில் அதிகம் புழங்கும் குவாட் வகை (அம்மோனியம் உப்பு சேர்ந்த) கிருமிநாசினி மருந்துகளில் பலவற்றுக்கு அது 10 நிமிடம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அடுத்த வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார் என்று தெளித்த உடனேயே துணியால் துடைத்து எடுத்துவிடுகிறோம். மேசை பளபளவென்று இருக்கும், கிருமியும் சௌக்கியமாக இருக்கும். அதற்கும் முன்னால் கழுவுகிற வேலை ஒன்று உண்டு. முடி, தோல் செதில், எண்ணெய்ப் பிசுக்கு, எச்சில் எல்லாம் மருந்தின் வீரியத்தைக் குடித்துவிடும். ப்ளீச் இதில் ரொம்ப மோசம். சோப்பு மிச்சம் இருந்தால் குவாட் படுத்துவிடும். ஆக, முடியை அள்ளி, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, அதற்குப் பிறகுதான் மருந்து. அப்புறம் காத்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் நோட்டில் இடம் விட்டாயா என்பதுதான் என் கேள்வி. நான் இரண்டு மேசை வைத்துக்கொண்டிருப்பது இதற்காகவே. ஒன்று ஊறும்போது மற்றதில் வேலை ஓடும். யூவி பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு மேசையும் நாலைந்து பிளேடும் வாங்கு. அந்த வெளிச்சம் நேரே படுகிற பரப்பில்தான் வேலை செய்யும். கத்திரியின் அடிப்பக்கத்துக்கும் சீப்பின் இடுக்குக்கும் அது எட்டாது.

பிளேடு என்றதும் ஞாபகம் வருகிறது. முடி வெட்டும் மெஷினில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் 10ஆம் நம்பர் பிளேடு ஒன்றைக் கழற்றி, மேல் தகட்டைப் பாதி தூரம் பக்கவாட்டில் தள்ளிப் பார். இடுக்கில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்று அப்பியிருக்கும். முடித்தூளும் எண்ணெயும் செதிலும் சேர்ந்த கலவை அது. மேலே இருந்து ஸ்ப்ரே அடித்தால் அதன் உள்ளே எதுவும் இறங்காது. கூலன்ட் ஸ்ப்ரே பிளேடின் சூட்டைத் தணிக்கத்தான். கிருமியைக் கொல்லும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தால் ஒழிய, அதை நம்பாதே. பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, மருந்தில் வைத்து எடுத்து, நன்றாகக் காயவைத்து எண்ணெய் விடு. ப்ளீச்சில் மட்டும் போட்டுவிடாதே, துரு ஏறிவிடும்.

படர்தாமரை இந்தப் பிளேடு, பிரஷ் வழியாகவும் ஊர்வலம் போகும். அதன் வித்துகள் உதிர்ந்த முடியில் ஒட்டிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். டிரையரைப் போட்டால் அறை முழுக்கப் பறக்கும். நீண்ட முடி உள்ள பூனைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல் இருந்தாலும் உடம்பில் சுமந்துகொண்டு திரியும். வட்டமாக முடி கொட்டிய இடம் கண்ணில் பட்டால் அன்றைக்கு வேலையை எடுக்காதே, மருத்துவரிடம் அனுப்பு. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், அது உன் கைக்கும் ஒட்டக்கூடியது.

அடுத்தது பார்வோ. நாய்களுக்குக் கடும் வாந்தி பேதியைக் கொடுக்கிறது, 1978 வாக்கில் புதிதாகத் தலைகாட்டி உலகம் முழுக்கப் பரவிய வைரஸ். ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது, குவாட் மருந்துகளில் பலவற்றையும் தாங்கும். வீட்டு ப்ளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு கலந்து, கழுவிய பரப்பில் 10 நிமிடம் விட்டால் அடங்கும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்கு, நாள்பட்டால் வீரியம் போய்விடும். நாய் சிறுநீர் கிடக்கும் தரையில் ப்ளீச்சை நேராக ஊற்றாதே. அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கிற வாயு கிளம்பும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டோடு கலந்தால் அதைவிட ஆபத்து. தடுப்பூசி முடியாத குட்டிகளை எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கத்திரியைப் பார்ப்பார்கள், தரையை மோந்து பார்ப்பார்கள். நான் ஒரு கடைக்குள் போனால் ஷாம்பு பாட்டிலைத்தான் பார்ப்பேன். போன வருஷம் ஒரு பெரிய நாயைக் கொண்டுவந்தார்கள், சீப்புப் போட. முதுகில் கை வைத்ததும் அலறியது. உடம்பு கொதித்தது, நடக்கவே மாட்டேன் என்றது. எங்கேயோ விழுந்திருக்கும், முதுகெலும்பில் அடி என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தொடாமல் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எப்போது குளிப்பாட்டினீர்கள்?” இரண்டு நாள் முன்னால் வேறொரு இடத்தில் குளிப்பாட்டியிருக்கிறார்கள். முடியை விலக்கிப் பார்த்தால் முதுகு நெடுக ரத்தம் கட்டிய கொப்புளங்கள்.

சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா அது. கெட்டியான ஷாம்புவில் அதை வளரவிடாத மருந்து சேர்த்திருப்பார்கள். நாம் தண்ணீர் ஊற்றிக் கலக்கும்போது அந்த மருந்தும் சேர்ந்து நீர்த்துப்போகிறது. மிச்சத்தை மூடி வைத்து, மறுநாள் அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் ஊற்றினால் பாட்டில் பாக்டீரியாப் பண்ணை ஆகிவிடும். அதைப் போட்டு முடியின் எதிர்த்திசையில் தேய்க்கும்போது வேர்க்கால் வரைக்கும் இறங்குகிறது. ஒன்றிரண்டு நாளில் இப்படி வெடிக்கும். அந்த நாய் வாரக்கணக்கில் மருந்து சாப்பிட்டுத்தான் தேறியது. அதனால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்கு, சாயங்காலம் மிச்சத்தைக் கொட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துக் காயவை. கொட்டும்போது வயிறு எரியும், எனக்கும் எரிகிறது.

சின்னச் சின்ன இடங்களிலும் இதே கதைதான். நகம் வெட்டும்போது ரத்தம் வந்தால் தடவுகிற பொடி டப்பாவுக்குள் விரலையோ நகவெட்டியையோ விடாதே, பஞ்சில் கொஞ்சம் தட்டி எடு. காது மருந்துப் பாட்டிலின் மூக்கு காதில் படக்கூடாது. டவல் ஒன்றை இன்னொரு நாய்க்குப் போடக்கூடாது, துவைத்ததை ஈரத்தோடு மடிக்கவும் கூடாது.

பூனைக் கூண்டுக்கு, சில கிருமிநாசினிகளில் சேர்க்கும் ஃபீனால் என்கிற ரசாயனம் கலந்த எதுவும் வேண்டாம், பூனையின் ஈரல் அதைச் சமாளிக்காது. குவாட் போட்டால் நேரம் முடிந்ததும் தண்ணீரால் அலசிக் காயவைத்த பிறகே உள்ளே விடு. ஈரத்தில் நடந்துவிட்டு பாதத்தை நக்கினால் நாக்கு புண்ணாகிவிடும்.

இங்கே எல்லாரும் நலம். பெரியவள் தேர்வு முடிந்து வீட்டில் இருக்கிறாள், சும்மா இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இடுப்புவலி கொஞ்சம் படுத்துகிறது. மருத்துவர் மேசையின் உயரத்தை ஏற்றச் சொன்னார், ஏற்றியதும் பாதி வலி போய்விட்டது. நீ ஆரம்பத்திலேயே ஏற்றி இறக்குகிற மேசையாகப் பார்த்து வாங்கு.

கடையின் வரைபடம் கையில் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. தொட்டியின் வாயில் முடி பிடிக்கும் வடிகட்டிக்கு இடம் விட்டிருக்கிறார்களா, டவல் துவைக்கிற இடம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். தரை போட்டுவிட்டால் மாற்றுவது கஷ்டம், அதனால் இந்த வாரமே அனுப்பு.

அன்புடன்,
கௌரி