மணைக்கு ஏற்ற வேட்டி

சுங்கை சிப்புட், மலேசியா,
ஆவணி 12

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். தம்பிக்குப் பரிசம் முடிந்து தை மாதத்தில் முகூர்த்தம் குறித்துவிட்டீர்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே பத்து நாளாக விடியற்காலை மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு பாதி நாள் நின்றுபோகிறது, செம்பனைப் பக்கம்தான் வேலை ஓயவில்லை.

மாப்பிள்ளை உடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெண் வீட்டார் ஷெர்வானி என்கிறார்கள், உன் வீட்டில் பட்டுவேட்டி என்கிறார்கள், தம்பி கைப்பேசியில் படம் படமாகச் சேர்த்து வைத்திருக்கிறான். துணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முகூர்த்தத்தன்று அவன் என்னென்ன செய்யப்போகிறான் என்பதை முதலில் யோசி. ஒரு மணி நேரத்துக்கு மேல் மணையில் சம்மணம் போட்டு உட்காருவான். வலது மணிக்கட்டில் காப்புக் கட்டுவார்கள். பூணூல் போடுவார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தாலி முடிச்சுப் போட வேண்டும். அக்கினியை வலம் வர வேண்டும். கடைசியாகக் குனிந்து பெண்ணின் காலைப் பிடித்து அம்மியில் வைத்து மெட்டி போட வேண்டும். இத்தனைக்கும் ஒத்துழைக்கிற உடுப்புதான் முகூர்த்தத்துக்கு ஆகும்.

ஷெர்வானி இதில் தேறாது. உள்ளே கான்வாஸ், அதற்கு மேல் லைனிங், தோளில் பஞ்சு. நம் ஊர் வெக்கையில் அரை மணிக்குள் முதுகு நனைந்துவிடும். கையை நீட்டினால் அக்குளில் பிடிக்கும். காப்பு மணிக்கட்டில் நிற்காமல் சட்டைக் கைக்கு மேலே ஏறும். பூணூல் போட எல்லாப் பொத்தானையும் கழற்ற வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வாடகைக்குக் கிடைக்கிற ஷெர்வானி பெரும்பாலும் பாலியஸ்டர். ஓமத்தில் தெறிக்கும் பொறி பாலியஸ்டரில் விழுந்தால் துணி உருகித் தோலில் ஒட்டும். பட்டிலும் பருத்தியிலும் கருகி உதிர்ந்துவிடும். ஆகவே இரவு டேவானில், அதாவது மண்டபத்தில், விருந்துக்கு ஷெர்வானி போடட்டும், பெண் வீட்டார் மனமும் நிறையும். காலையில் மணையில் வேட்டிதான்.

வேட்டியில் எத்தனை முழம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு முழம் 18 அங்குலம், அதாவது ஏறத்தாழ 45 செண்டிமீட்டர். நாலு முழ வேட்டி 1.8 மீட்டர்தான். தம்பிக்கு இடுப்பு 36 அங்குலம் என்றால் அது சரியாக இரண்டு சுற்று. புட்டத்தின் சுற்றளவு இடுப்பைவிடக் கூடுதல் என்பதால் அங்கே இரண்டு சுற்றும் நிறையாது. சம்மணம் போட்டதும் முன்பக்கம் விலகும். வெள்ளைப் பட்டு ஒற்றை மடிப்பில் உள்ளே இருப்பதையும் காட்டிவிடும். ஆகவே சாதாரணக் கட்டு என்றால் எட்டு முழம், 3.6 மீட்டர், இரட்டை மடிப்பாக. அதற்குக் குறைந்து வாங்காதே.

பஞ்சகச்சம் உங்கள் குடும்பத்து வழக்கமா என்று ஐயரையும் பெரியவர்களையும் கேட்டுக்கொள். கட்டுவதாக இருந்தால் கடையில் ‘ஒன்பது ஐந்து’, ‘பத்து ஆறு’ என்று இரண்டு அளவு சொல்வார்கள். முதல் எண் வேட்டியின் முழம், அடுத்தது அங்கவஸ்திரத்தின் முழம். தம்பி உயரமானவன், அவனுக்குப் பத்து ஆறுதான் பொருந்தும். ஒன்பது முழத்தைக் கட்டினால் பின்பக்கம் செருகத் துணி போதாமல், உட்காரும்போது முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொள்ளும். துணியின் நடுப்பகுதியை முதுகில் வைத்து, மேல் ஓரம் இரண்டையும் முன்னால் கொண்டுவந்து தொப்புளுக்குக் கீழே இறுக்கி முடி. ஒரு பக்கத்துத் துணி கொசுவமாகி, கால்களுக்கிடையே பின்னால் போய் முதுகில் செருகப்படும். மறுபக்கத்துத் துணி கொசுவமாகி முன்னால் வரும். பட்டு வழுக்கும் துணி, முடிச்சு மட்டும் தாங்காது. பருத்தி நாடா ஒன்றை இடுப்பில் முதலில் கட்டி, அதற்கு மேல் முடிந்து, கொசுவத்தை நாடாவுக்குள் செருகச் சொல். கட்டி முடித்ததும் நிற்கவைத்து அழகு பார்த்தால் போதாது. சம்மணம் போடவை, எழுப்பு, நாலு படி ஏற்றி இறக்கு, தரையில் கைபடக் குனியச் சொல். எங்கே நழுவுகிறதோ அங்கே ஒரு ஊக்கு, துணியின் உள்பக்கமாக.

தைத்து வைத்த பஞ்சகச்சமும் விற்கிறார்கள். பாதகமில்லை, ஆனால் இடுப்பளவை இரண்டு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல். கல்யாண வாரத்து விருந்தில் இடுப்பு கூடும், வெல்க்ரோ ஒட்டும் ‘ஒட்டிக்கோ’ வேட்டியானால் குனிந்ததும் பிய்த்துக்கொள்ளும்.

வெள்ளை வேட்டிக்குள் வெள்ளை நிற அரைக்கால் உள்ளாடை போட்டால் அது பளிச்சென்று தெரியும். தோல் நிறத்தில், பருத்தியில் எடு.

இனி பட்டு. சில்க் மார்க் லேபல் இருந்தால் பட்டு தூய்மையானது என்று பொருள். அது பட்டுக்கு மட்டும்தான் சாட்சி, ஜரிகைக்கு இல்லை. இது தெரியாமல் ஜரிகைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து வருகிறவர்கள் நிறைய. லேபல் இல்லாத வேட்டியில் தும்பிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார். முடி கருகும் வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். காகிதம் எரியும் வாசம் வந்தால் விஸ்கோஸ், அதைத்தான் ஆர்ட் சில்க் என்பார்கள். ஜரிகை நூலை நகத்தால் சுரண்டினால் நல்ல ஜரிகையில் உள்ளே சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல் இருக்கும், அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்க முலாம். செம்பு தெரிந்தால் அது ஈரக் காற்றில் சில வருடத்தில் கறுத்துவிடும். என் கருத்து, பையனின் வேட்டிக்கு ஜரிகையில் பணத்தைக் கொட்டாதே. கரை இரண்டு அங்குலம் போதும்; உடல்பகுதி கனமான அசல் பட்டாக இருக்கட்டும். சேலம் வெண்பட்டு இந்த வேலைக்கென்றே பிறந்தது. முழுக்க ஜரிகை ஓடும் டிஷ்யூ வேட்டி படத்தில் மின்னும், ஆனால் விறைப்பாக நின்று கொசுவத்துக்கு வளையாது, மடிப்பில் இழை முறியும்.

கரையின் நிறத்தைக் கூறைப்புடவையோடு ஒப்பிடுவாய் அல்லவா, புடவையின் ஒரு துண்டையாவது ரவிக்கைத் துணியையாவது கையோடு கொண்டுபோ. கடை விளக்கில் அரக்கும் குங்குமச் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும், வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பார்க்க வேண்டும். அப்படியே ஈரமான வெள்ளைத் துணியால் கரையை ஒரு தேய்ப்புத் தேய். சாயம் ஒட்டினால் வைத்துவிட்டு வா. வியர்வை பட்டால் அந்தச் சிவப்பு வேட்டி முழுவதும் இறங்கும்.

ஜிப்பாவைத் தைத்துப் போடுவதே நல்லது. 44 அங்குல அகலத் துணி என்றால் தம்பிக்கு 3 மீட்டர் எடு. மார்பளவோடு ஐந்து அங்குலம் தளர்வு, அக்குளில் தாராளம், ஓர வெட்டு இடுப்பிலிருந்து தொடங்கட்டும். இல்லாவிட்டால் அம்மி மிதிக்கும் நேரத்தில் ஓரத் தையல் பிரியும். முன்பக்கம் முழுக்கத் திறக்கும்படி பொத்தான் வை. தலைவழியாகப் போடும் ஜிப்பா என்றால் பூணூலுக்காகக் கழற்றும்போது தலைப்பாகை சாயும். கை அகலம், மணிக்கட்டுக்கு மேல் மடித்துவிடும் அளவுக்கு. காலரில் கல்லும் ஜர்தோசி என்னும் உலோக இழை வேலையும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். மாலையின் நாரும் அங்கவஸ்திரத்தின் இழையும் அதில் மாட்டி, இழுக்கும்போது கிழியும், கழுத்தும் புண்ணாகும். வேலைப்பாடு வேண்டுமானால் கைமுனையில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே கையில்லாத பருத்தி பனியன் கட்டாயம்.

தலைப்பாகைக்கு முடி வெட்டிய பிறகு அளவெடு. நெற்றிக்கும் பாகைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். செருப்பு நாடா இல்லாததாக இருக்கட்டும், கோயில் வாசலில் குனிந்து அவிழ்க்க நேரமிருக்காது.

வாசனைத் திரவியத்தை உடுத்துவதற்கு முன் உடம்பில் பூசிக்கொள்ளட்டும், ஜரிகையில் தெளிக்கக் கூடாது. மஞ்சள் கறை பட்டால் சோப்புப் போடாதீர்கள், காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாகும். நெய் பட்டால் தேய்க்காமல் முகப்பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். வீட்டில் வைக்கும்போது பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய பருத்தித் துணியில் சுற்று. மடித்த வேட்டியை ரப்பர் பட்டை போட்டுக் கட்டும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. ரப்பரில் கந்தகம் சேர்ந்திருக்கிறது, அது வெள்ளி ஜரிகையைக் கறுக்கவைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப்போடு.

நாள் அதிகமில்லை. தீபாவளி நெருங்கினால் எந்தத் தையற்கடையும் புது ஜிப்பாவுக்கு நாள் கொடுக்காது. அது முடிந்தால் கார்த்திகை, மார்கழி இரண்டே மாதம், திருத்தவும் நேரம் வேண்டும். புரட்டாசிக்குள் துணி எடுத்துக் கொடுத்துவிடு. முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு போட்டுப் பார்க்கட்டும். ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு சுற்று பார்த்துவிடலாம், இங்கிருந்து 30 கிலோமீட்டர்தான். இன்னும் பெரிய தேர்வு வேண்டுமானால் கிள்ளான் தெங்கு கிளானா சாலை.

வருவதற்கு முன் தம்பியின் உயரம், கழுத்து, மார்பு, தொப்புள் மட்டத்தில் இடுப்பு, புட்டம், தோள் அகலம், கை நீளம் எல்லாவற்றையும் அங்குலத்தில் எழுதி அனுப்பு. இடுப்பை மட்டும் உட்காரவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை எடு.

அன்புடன்,
உன் பள்ளித்தோழன்